அப்பாவின் முழங்கால்

இந்திய மண்ணில், தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சான புத்தகம் எது தெரியுமா?

திருக்குறள் இல்லை. கம்பராமாயணம் இல்லை. பஞ்சாங்கம்கூட இல்லை. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. மொத்தமே 16 பக்கம். ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசிய சேசுசபைப் பாதிரியார் தமிழாக்கியது. உள்ளே இருப்பது கிறிஸ்தவர்கள் மனப்பாடம் செய்யவேண்டிய ஜெபங்களும் அடிப்படைப் போதனைகளும். அடுத்த வருஷமே கொச்சியில் இன்னொன்று அச்சாகிறது, 'கிரீசித்தியானி வணக்கம்'. அது கேள்வி-பதில். வாத்தியார் கேட்பார், மாணவன் சொல்வான். ஆக, தமிழில் அச்சு இயந்திரம் சுற்ற ஆரம்பித்ததே வேதப்பாடம் சொல்லிக் கொடுக்கத்தான்.

அதற்கும் 36 வருஷம் முன்னால், 1542-ல், பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, தட்டுத் தடுமாறி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஐஸ் வண்டிக்காரர் மாதிரி மணியடித்துக்கொண்டே போக, பின்னாலேயே பிள்ளைகள் கூட்டம். அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அதோடு விடவில்லை. 'வீட்டுக்குப் போய் உங்க அப்பா, அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சொல்லுங்க' என்று அனுப்பினார். அவருடைய கடிதங்களிலேயே இருக்கிற விஷயம் இது. நோயாளிகள் கூப்பிட்டால்கூட, தான் போக முடியாத நேரத்தில் பிள்ளைகளைத்தான் ஜெபிக்க அனுப்பியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் வீட்டு வேதப்பாடம் தலைகீழாகத்தான் தொடங்கியிருக்கிறது. பிள்ளை வாத்தியார், அப்பன் மாணவன்!

இந்தத் தலைகீழ் சங்கதி போன வருஷம் லெந்து நாட்களில் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ராத்திரி ஜெபத்துக்குப் பாயை விரித்தாயிற்று. பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் மட்டும் நாற்காலியைவிட்டு இறங்கவில்லை.

"அப்பா, ஒண்ணு கேட்கவா? திட்டக் கூடாது."

"கேளும்மா."

"நான் நம்பறேனா இல்லையான்னு எனக்கே தெரியலை. தெரியாம முழங்கால் போட்டா அது நடிப்புதானேப்பா?"

மனைவி என்னைப் பார்த்தாள். 'பத்திரிகைக்காரருக்குப் பதில் சொல்லவா தெரியாது?' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். இருபது வருஷமாக நான் பேட்டி எடுத்துப் பழகியவன். கொடுத்துப் பழக்கமில்லை. "ரெண்டு நாள் டைம் குடும்மா" என்றேன். அந்த ரெண்டு நாளில் யோசித்ததைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நான் வளர்ந்தது பசுமலைப் பக்கம். மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற வழி. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் பிற்பாடு இங்கே பள்ளிக்கூடமும் இறையியல் கல்லூரியும் வைத்தார்கள். இன்றைக்கு கோரிப்பாளையத்தில் கம்பீரமாக நிற்கிற அமெரிக்கன் கல்லூரி, 1881-ல் பசுமலையில் முளைத்ததுதான். 1909-ல்தான் அங்கே குடிபோனது. என் தாத்தா மிஷன் பள்ளி வாத்தியார். அப்பா மதுரையில் ஒரு மில்லில் ஷிப்டு வேலை.

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்டு என்றால் சாயங்காலம் ஆறு. நேரம் மாறும், ஜெபம் மாறாது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து பாயை விரிப்பாள். முதலில் ஒரு கீர்த்தனை. அப்பாவுக்குச் சுருதி சேராது, அம்மா இழுத்துப் பிடிப்பாள். அப்புறம் வேதாகமத்தில் ஓர் அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வரும். இங்கேதான் ஆபத்து. நான்தான் கடைக்குட்டி. எனக்கு எந்த வசனம் வரும் என்று முன்கூட்டியே விரல்விட்டு எண்ணி, அதில் வாயில் நுழையாத பெயர் இருக்கிறதா என்று ஒத்திகை பார்த்துக்கொள்வேன். நேபுகாத்நேச்சார் பரவாயில்லை. ஏசாயாவில் 'மகேர்-சாலால்-அஷ்-பாஸ்' என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வசனம் கரெக்டாக எனக்கே வரும். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவான். அப்பா தலை நிமிராமலேயே தொண்டையைச் செருமுவார். சிரிப்பு நின்றுவிடும்.

இன்றைக்கு எந்த நாட்டு அதிபர் பெயர் செய்தியில் வந்தாலும் நான் தடுமாறாமல் உச்சரிக்கிறேன் என்றால், அது அந்தப் பாயில் வாங்கிய பயிற்சி.

1988 அக்டோபரில் தூர்தர்ஷனில் 'மகாபாரதம்' ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் ஆராதனையும் ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டு வயசுப் பையனுக்கு இதைவிடப் பெரிய சோதனை ஏது? தெருவே டி.வி. இருக்கிற வீட்டு வாசலில் குவிந்து கிடக்கும். நாங்கள் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடப்போம். பீஷ்மர் அம்புப் படுக்கையில் சாய்ந்த நேரத்தில் நான் பிரசங்கத்தில் தூங்கிச் சாய்ந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கதை பேசும்போது எனக்கு அழுகை முட்டும். ஒருநாள் அழுதேவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நூலகத்திலிருந்து ராஜாஜியின் 'வியாசர் விருந்து' எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

"கதை தெரியணும்னா வாசி. ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கூட வா."

அவ்வளவுதான். தடையும் இல்லை, தளர்வும் இல்லை.

ஆனால் ஜெப நேரத்தில் நான் கற்றுக்கொண்டது பாட்டையும் வசனத்தையும் மட்டும் இல்லை. அது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அப்பா ஆறடி. வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். கணக்கில் குறைந்தால் அடி, வெளியே சண்டை இழுத்துக்கொண்டு வந்தால் அடி. அந்த மனிதர் தினம் ராத்திரி எங்கள் கண் முன்னால் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மில்லில் நின்று நின்று வீங்கிப்போன முழங்காலைத் தரையில் ஊன்றி, தலையைக் குனிந்து உட்காருவார். "ஆண்டவரே, எனக்குத் தெரியலை" என்று சொல்வார். "எனக்குப் பெலன் இல்லை" என்று சொல்வார். வேறு யாரிடமும் அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இந்த வீட்டில் எல்லாருக்கும் பெரியவர் அப்பா. அந்த அப்பாவுக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அப்பாவே இருக்கிறார். இதை எந்த ஓய்வுநாள் பள்ளி டீச்சரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஏழாவது படிக்கும்போது அந்தச் சம்பவம் நடந்தது.

மில்லில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் கடன் வாங்கினார். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நாலு மாதத்தில் ஆள் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். கடன் அப்பா தலையில் விழுந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம், இரண்டு வருஷத்துக்கும் மேல். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது, திரும்பி வரவில்லை. அண்ணன் டியூஷன் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு மாதத்துக்கு ஒருமுறை ஆனது.

அப்பாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அதில் பெயர் எழுதிவைத்திருப்பார். உடம்பு சரியில்லாதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், கல்யாணம் தள்ளிப்போகிற பெண்கள். அந்த வாரம் நோட்டின் கடைசியில் புதுசாக ஒரு பெயர் ஏறியது. ஓடிப்போனவர் பெயர்.

முதல் நாள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் நாளும் அப்பா அந்தப் பெயரைச் சொன்னார். மூன்றாம் நாள் அண்ணன் வெடித்துவிட்டான்.

"அந்த ஆளுக்கு எதுக்குப்பா ஜெபம்? நம்ம சோத்துல மண்ணைப் போட்டுட்டுப் போயிருக்கான்!"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

"எனக்கு மட்டும் கோவம் இல்லையாடா? ஆனா அவன் பேரைச் சொல்லாம விட்டேன்னு வையி, பரமண்டல ஜெபத்துல அந்த ஒரு வரி வரும்போது முழுங்கணும். முழுங்கிப் பார்த்தேன். தொண்டையிலேயே நிக்குது."

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். பரமண்டல ஜெபம் என்பது இயேசு தன் சீடர்களுக்குக் கற்றுக் கொடுத்த ஜெபம். அதில் 'நான் மற்றவர்களை மன்னிப்பதுபோல என்னை மன்னியும்' என்கிற பொருளில் ஓர் இடம் வரும். கோயிலில் கூடிச் சொல்லும்போது அந்த இடத்தில் 'குற்றம்' என்று சொல்வோம். ஆனால் எங்கள் வீட்டுப் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், அங்கே இருக்கிற சொற்கள் 'கடன்', 'கடனாளி'. அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து அண்ணனிடம் காட்டினார். அண்ணன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. ஒத்துக்கொண்டு அல்ல, ஒன்றும் சொல்ல முடியாமல்.

ஏழெட்டு வருஷம் கழித்து பி.காம். வகுப்பில் பேராசிரியர் 'வாராக்கடன்' நடத்தினார். இனிமேல் தேறாது என்று தெரிந்த கடனைக் கணக்கில் போக்கெழுதிவிட வேண்டும். ஒரே ஒரு குறிப்பேட்டுப் பதிவு. அதோடு கடனாளி கணக்கு முடிந்தது. எல்லோரும் நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். கம்பெனிக்கு ஒரு தடவை போக்கெழுதினால் போதும். மனுஷனுக்குப் போதவில்லை. அப்பா அதே கடனைத் தினம் ராத்திரி எட்டு மணிக்கு, முழங்காலில் நின்று, திரும்பத் திரும்பப் போக்கெழுத வேண்டியிருந்தது.

ஓடிப்போனவர் திரும்பி வந்தாரா? வரவில்லை. பணமும் வரவில்லை. சினிமாவாக இருந்தால் இடைவேளைக்குப் பிறகு வந்திருப்பார்.

பிள்ளைகளுக்கு விசுவாசத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று வேதாகமத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. உபாகமம் 6-ஆம் அதிகாரம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் பேச வேண்டும் என்கிறது. கவனித்தீர்களா? கோயில், வகுப்பு, பரீட்சை எதுவும் இல்லை. சாதாரணமாக வீட்டில் நடக்கிற நாலு காரியம். புதிய ஏற்பாட்டில் பவுல், தீமோத்தேயு என்கிற இளைஞனுக்கு எழுதும்போது, அவனுடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமிருந்து அம்மா ஐனிக்கேயாளுக்கு வந்து, அவளிடமிருந்து அவனுக்கு வந்தது என்று பெயர் சொல்லி எழுதுகிறார். போதகர் யார் என்று கேட்கவில்லை. பாட்டி யார் என்று தெரிந்துவைத்திருக்கிறார்!

ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் 1529-ல் சின்னதாக ஒரு ஞானோபதேசப் புத்தகம் போட்டார். குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். எங்கள் மதுரையிலேயே, 1606-ல் வந்த ராபர்ட் டி நோபிலி என்கிற தத்துவ போதகர், காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து ஞானோபதேசம் எழுதினார். 1773-ல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார். 1837-ல்தான் சேசுசபைக் குருக்கள் மீண்டும் மதுரை மிஷனுக்கு வர ஆரம்பித்தார்கள். இடையில் 60 வருஷத்துக்கும் மேல். சாமியார் எப்போதாவது வந்துபோகிற ஊர்களில் உபதேசியாரும் வீட்டுப் பெரியவர்களும்தான் ஜெபங்களைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கே மலைத்தால் ஜப்பானை என்ன சொல்வீர்கள்? 1614-ல் அங்கே நாடு முழுக்கக் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. பிடிபட்டால் சித்திரவதை, மரணம். குருக்களே இல்லை. கோயில் இல்லை. புத்தகம் வைத்துக்கொள்ள முடியாது. 1865 மார்ச் 17 அன்று நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா தேவாலயத்துக்கு உரகாமி கிராமத்து ஜனங்கள் சிலர் தயங்கித் தயங்கி வந்தார்கள். பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் தாங்களும் அதே விசுவாசம்தான் என்று ரகசியமாகச் சொல்லி, மாதா சொரூபம் எங்கே என்று கேட்டார்கள். 250 வருஷம்! ஜெபங்கள் வாய்வழியாகவே வந்திருந்தன. அப்பன் மகனுக்கு, தாய் மகளுக்கு. அர்த்தம் பாதி தேய்ந்த லத்தீன் சொற்களோடு. ஞானஸ்நானம் கொடுக்க ஊரிலேயே ஆள் வைத்திருந்தார்கள். மாதாவை, பார்ப்பதற்கு அந்த ஊர் கன்னோன் சிலை மாதிரி வைத்து வணங்கியிருந்தார்கள். 1873-ல்தான் தடை விலகியது.

வீடு என்பது எவ்வளவு பலமான இடம் என்று தெரிகிறதல்லவா? அதனாலேயே அது ஆபத்தான இடமும்கூட.

இங்கிலாந்தில் எட்மண்ட் காஸ் என்று ஓர் எழுத்தாளர். தன் சிறுவயதுக் கதையை 'தந்தையும் மகனும்' என்று 1907-ல் எழுதினார். அப்பா விலங்கியல் அறிஞர், கண்டிப்பான பக்திமான். கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே விக்கிரக வழிபாடு என்று நினைக்கிறவர். ஒரு கிறிஸ்துமஸுக்கு வேலைக்காரப் பெண்கள் ரகசியமாக ஒரு புட்டிங் செய்து, பாவம் என்று பையனுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டார்கள். அவன் பயந்துபோய் அப்பாவிடம் ஓடிச் சொல்ல, அவர் விறுவிறுவென்று சமையலறைக்குப் போய் மிச்சப் புட்டிங்கை எடுத்துக் குப்பைமேட்டுச் சாம்பலில் வீசி, உள்ளே தள்ளிப் புதைத்துவிட்டார். அந்தப் பையன் வளர்ந்து அப்பாவின் விசுவாசத்தைவிட்டே விலகிப்போனான்.

மதுரையில் இந்தப் புட்டிங் கேள்வி வருஷம் முழுக்க வரும். எதிர்வீட்டில் பொங்கல் படைத்தால் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் வரும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வழி நெடுக பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். படைத்ததைச் சாப்பிடலாமா? மதுரைக் கிறிஸ்தவ வீடுகளில் பாதி பேர் சாப்பிடுவார்கள், பாதி பேர் மாட்டார்கள். பவுலும் கொரிந்து பட்டணத்தாருக்கு இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாப்பாடு நம்மைக் கடவுளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் மனசு இடறாமல் பார்த்துக்கொள் என்கிற அர்த்தத்தில்.

எங்கள் வீட்டில் படைத்ததைச் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. ஆனால் அம்மா அதைச் செய்கிற விதம் வேறு. எதிர்வீட்டு அத்தை கிண்ணத்தோடு வாசலில் நிற்கும்போதே, "மதினி, படைக்கறதுக்கு முன்னாடி எம்புள்ளைகளுக்குன்னு ஒரு கரண்டி எடுத்து வச்சிருக்கலாம்ல?" என்று உரிமையோடு கேட்டுவிட்டாள். அந்த அத்தை சிரித்துவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து எங்களுக்குத் தனிக் கிண்ணம் முன்கூட்டியே வந்தது. அந்தக் கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு அதில் முறுக்கும் அதிரசமும் போகும். 'நாம வேற' என்று எங்களுக்குத் தெரியும். 'நாம உசத்தி' என்று யாரும் சொல்லித் தரவில்லை. நம் விசுவாசத்தைச் சொல்லிக் கொடுப்பதற்கு அடுத்தவர் சாமியை மட்டம் தட்ட வேண்டியதில்லை என்பதை நான் அந்தக் கிண்ணத்தில் படித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். பரவாயில்லை. ராத்திரி ஜெபத்தில் 'எல்லாரும் கடவுளின் பிள்ளைகள்' என்று வாசிக்கிறோம். காலையில் கல்யாணப் பேச்சு வந்தால் 'நம்ம ஆளுகளா?' என்று கேட்கிறோம். கிறிஸ்தவர் என்பது போதாமல், அதற்குப் பக்கத்தில் ஒரு சாதிப் பெயரும் மணமகள் தேவை விளம்பரத்தில் இருக்கிறது. இது நேற்று வந்த வியாதி இல்லை. நோபிலியின் மதுரை மிஷனிலேயே உயர்சாதியாருக்கு ஒரு வகை குருக்கள், மற்றவர்களிடம் போய்வர 1640-களிலிருந்து பண்டாரசாமிகள் என்று வேறு வகை குருக்கள் என்று பிரித்து வைத்தார்கள். பிள்ளைகள் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். நாம் உட்கார்ந்து நடத்துகிற பாடத்தை மறந்துவிடுவார்கள். எழுந்து போகும்போது சொல்கிற பாடத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

சரி, மகளுக்கு என்ன பதில் சொன்னேன்?

பி.காமில் படித்த இன்னொரு பாடம் கைகொடுத்தது. 'குட்வில்' என்று ஒன்று உண்டு. ஒரு கடையின் நற்பெயர். சொத்துதான், ஆனால் தொட்டுப் பார்க்க முடியாது. பரம்பரையாகத் தானே வளர்ந்த குட்வில்லைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக ஏற்றக் கூடாது என்பது விதி. விலை கொடுத்து வாங்கினால்தான் ஏற்றலாம். விசுவாசமும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாத்தாவிடம் இருந்தது, அப்பாவிடம் இருந்தது என்பதால் என் கணக்கில் அது ஏறிவிடாது. அப்பா தன் பங்குக்கு இரண்டு வருஷச் சம்பளப் பிடித்தத்தையும் அம்மாவின் வளையலையும் கொடுத்து வாங்கினார். நான் என் பங்குக்கு என்ன கொடுத்தேன் என்பது வேறு கதை. என் மகளும் தன் விலையைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்காமலும் போகலாம். அவள் கணக்குப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது. கடை எப்படி நடக்கிறது என்று தினமும் பார்க்க விடலாம், அவ்வளவுதான்.

ரெண்டு நாள் கழித்து அவளிடம் சொன்னேன். "தெரியாம முழங்கால் போட வேண்டாம்மா. நீ கேட்டது நேர்மையான கேள்வி. ஆனா ராத்திரி எட்டரைக்கு நாங்க போடுவோம். நீ எந்திரிச்சு உள்ள போகணும்னு இல்லை. நாற்காலியிலயே உட்காந்திரு. உனக்குத் தோணுனா கேள்வி கேளு. எனக்குத் தெரிஞ்சா சொல்றேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றேன்."

மனைவிக்கு இதில் அரை மனசு. "திடப்படுத்தல் எடுக்க வேண்டிய வயசுல இப்பிடி விட்டா எங்க போயி நிக்கும்?" என்றாள். அவள் கவலையும் நியாயம்தான். 'பிள்ளையே முடிவு பண்ணட்டும்' என்று சொல்லிவிட்டு, முடிவு பண்ண ஒன்றுமே கண்ணில் காட்டாமல் விட்டுவிடுகிற பெற்றோர்களையும் பார்க்கிறோமே. இதற்கு என் அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். வயசு எழுபத்தைந்து. சோழவந்தான் பக்கம் வயல்காட்டு ஊரில் பிறந்தவள்.

"ஏத்தா, விதைச்சவ தினமும் தோண்டிப் பார்த்தா வெதை வெளங்குமா? தண்ணியை ஊத்து, சும்மா இரு."

மகள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். யோபு நல்லவன்தானே, அவன் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்? எதிர்வீட்டுப் பாட்டி அவ்வளவு நல்லவங்க, அவங்க எங்கே போவாங்க? 'தெரியலை' என்கிற வார்த்தையை என் வாழ்நாளில் இத்தனை தடவை நான் சொன்னதில்லை. சவேரியார் மணியடித்துக் கூட்டிய பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். இவள் கேட்டுக் கேட்டே எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

இன்னும் அவள் முழங்கால் போடவில்லை. நாற்காலியில் கையில் போனோடு உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது, நான்தான் பெயர்களை வாசிப்பேன். போன மாதம் ஒருநாள் ஆபீஸ் அலுப்பில் வேகவேகமாக வாசித்து, ஆமென் சொல்லி எழுந்தேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்.

"அப்பா, டயாலிசிஸ் பண்றாங்கள்ல, அந்த அக்கா. இன்னிக்கு அவங்க பேரை விட்டுட்டீங்க."

நான் மறுபடி முழங்கால் போட்டேன்.